வந்துரும்மா வீட்டு பேட்டரி

மின்சார அலுவலகத்தில் அவளுக்கு ‘வந்துரும்மா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. ஊரில் எந்த மூலையில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி அவள் மேசையில்தான் அலறும். எடுத்த எடுப்பில் ஏசுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், தலையில் சோப்பு நுரையோடு நிற்கிறேன், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று அழாத குறையாகச் சொல்கிறவர்கள், எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: “கரண்டு எப்ப வரும்?” அவளுடைய பதிலும் ஒன்றுதான். “வந்துரும்மா.” பேசுவது ஆணாக இருந்தால் “வந்துரும்பா.”

எப்போது என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். “ஏதோ ஒரு நேரத்தச் சொல்லித் தொலைக்கலாம்ல?” என்று மேலதிகாரிகூடக் கடிந்துகொண்டதுண்டு. அவள் கணக்கு வேறு. நேரம் சொன்னால் அந்த நேரத்துக்குள் முடி என்று கம்பத்தில் இருப்பவனைப் போட்டு நெருக்குவார்கள். நெருக்கினால் அவன் அவசரப்படுவான். அவசரப்பட்டவன் என்ன ஆவான் என்பது அந்த அலுவலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்து “எறங்கிட்டேன் மேடம்” என்று லைன்மேன் போன் பண்ணும்வரை, பணிநேரம் முடிந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டாள். கரண்டு வந்துவிட்டதே, போகலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளமாட்டாள்.

அவள் கணவர் லைன்மேன். காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த ஒரு பகலில் கம்பத்தில் ஏறினார். லைனை நிறுத்தியிருந்தார்கள். சோதித்துப் பார்த்தார், கம்பியில் கரண்டு இல்லை. கரண்டு திரும்பி வந்தாலும் ஆளைத் தொடாமல் தரைக்குப் போகும்படி கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு வண்டியில் கிடந்தது. வண்டி அடுத்த தெருவில் நின்றது. சின்ன வேலைதானே என்று கூட இருந்தவரிடம் சொல்லிவிட்டுக் கையை வைத்தார். அதே நேரத்தில் தெருக்கோடி ஐஸ் கம்பெனிக்காரர், ஐஸெல்லாம் உருகுகிறதே என்று பதறி, புதிதாக வாங்கிய ஜெனரேட்டரின் வயரைச் சுவரில் இருந்த பிளக்கில் செருகி ஓட்டினார். மெயினை இறக்கிவிட்டு ஓட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்குள் விளக்கு எரிந்தது. அந்தக் கரண்டு வழக்கமாக வருகிற வழியிலேயே திரும்பிப் போய்த் தெருக் கம்பியிலும் ஏறியது. பட்டப்பகல் வேறு, தெரு முழுக்கக் கரண்டு இல்லாதபோது ஒரு கடையில் மட்டும் விளக்கு எரிவது யார் கண்ணிலும் படவில்லை.

அவருக்குப் பதிலாக அவளுக்கு வேலை கொடுத்தார்கள். உட்கார வைத்த இடம் புகார் மேசை. ஐஸ் கம்பெனிக்காரரும் அடிக்கடி கூப்பிடுவார். “ஐஸ் உருகுதும்மா, எப்ப வரும்?” பேசுவது யாரென்று அவருக்குத் தெரியாது. அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தொண்டை வரை கோபம் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “வந்துரும்பா” என்பாள். பிறகு, “ஜெனரேட்டர் போட்டிருக்கீங்களா? மெயினை இறக்கிட்டுத்தானே போட்டீங்க?” என்று கேட்பாள். அவரிடம் மட்டுமல்ல, ஜெனரேட்டர் வைத்திருக்கும் எல்லோரிடமும் ஓய்வு பெறும் நாள் வரை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கணவர் போன கையோடு அக்கா தன் மகனைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அக்காவின் கணவர் உயிரோடுதான் இருந்தார். எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து அந்தப் பையனை ஆளாக்கினார்கள். அக்கா நூல் மில்லில் வேலை பார்த்தாள். மில் அவளுக்குச் சோறு போட்டது, கூடவே நெஞ்சு நிறையப் பஞ்சுத் தூசியையும் போட்டது. வயதானபோது அந்தத் தூசி தன் வேலையைக் காட்டியது. நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தது. நீளமான குழாயின் ஒரு முனை மெஷினில், மறுமுனை அக்காவின் மூக்கில்.

“மொத புருஷன் வாயத் தொறந்தா பொய். இவன் பரவால்ல, பகல்லயும் குறட்டைதான், ஆனா வேற தொந்தரவு இல்ல” என்று அக்கா மெஷினைத் தட்டிக் கொடுப்பாள். சிரித்தால் இருமல் வரும். தெரிந்தும் சிரிப்பாள்.

மெஷின் இழுக்கிற கரண்டுக்கு ஈடுகட்டத்தான் அக்கா மகன் மொட்டை மாடியில் சோலார் போட்டான். வெயில் தருகிற கரண்டு வீட்டுக்குப் போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும். போட்ட சில நாட்களிலேயே உச்சி வெயிலில் கரண்டு போனது. மாடியில் வெயில் கொளுத்துகிறது, வீட்டில் மின்விசிறி அசையவில்லை. அக்கா மகன் அவசர அவசரமாக, கைவசம் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து அம்மாவுக்கு மாட்டிவிட்டு, சோலார்காரரைப் போனில் பிடித்தான்.

“என்ன சார் இது, தலைக்கு மேல இவ்வளவு வெயில் அடிக்குது, ஒரு ஃபேன்கூடச் சுத்தல?”

“அது அப்படித்தான் சார். தெருவுல கரண்டு போனா இதுவும் நின்னுடும். இல்லாட்டி உங்க வீட்டுக் கரண்டு கம்பிக்கு ஏறிடும். மேல வேலை செய்யற ஆளுக்கு ஆபத்து.”

போனின் ஒலிபெருக்கியில் அது அவள் காதிலும் விழுந்தது. அக்கா மகன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய், சுவரில் செத்துக் கிடந்த, சோலார் கரண்டை வீட்டுக்கு மாற்றித் தருகிற இன்வர்ட்டர் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடங்களாகத் தொலைபேசியில் கத்திக் கத்தி அவள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை, யாரும் சொல்லாமலேயே செய்கிற ஒரு பெட்டி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வருடம் கரண்டு அடிக்கடி போனது. சிலிண்டரும் அடிக்கடி தீர்ந்தது. அக்கா மகன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். ஷிப்டில் இருக்கும்போது கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர முடியாது. “பேட்டரி போட்டுரலாம் சித்தி” என்று ஆரம்பித்தான். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

“தெருவே இருட்டா இருக்கறப்ப நம்ம வீடு மட்டும் எரியணுமா?”

“எரிஞ்சா என்ன சித்தி? ஊர்ல எத்தனை வீட்ல இருக்கு!”

“ஊர்ல இருக்கட்டும். இந்த வீட்ல வேணாம்.”

ஒருநாள் அவன் பொறுமை போய்விட்டது. “சித்தப்பா செத்ததுக்கு எங்கம்மா மூச்சு முட்டிச் சாகணுமா?” என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். கட்டிலிலிருந்து அக்காதான் பேசினாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்துக்கொண்டு.

“விடுடா. அவ பயப்படறா. எனக்குச் சிலிண்டரே போதும்.”

திட்டியிருந்தால் அவள் கடைசிவரை பிடிவாதமாக இருந்திருப்பாள். அக்கா தன் பக்கம் பேசியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையில், “அந்த சோலார்காரர வரச் சொல்லு” என்றாள்.

சோலார்காரர் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு பெட்டி மாட்டினார். அதற்குக் கீழே பேட்டரியை நிறுத்தினார். வீட்டு வயரிங்கை இரண்டாகப் பிரித்தார். அக்கா அறையின் பிளக், விளக்கு, மின்விசிறி, ஹாலில் ஒரு விளக்கு, இவை மட்டும் பேட்டரி வழியாக. சமையலறை, ஃப்ரிட்ஜ், மோட்டார் எல்லாம் நேராகத் தெருக் கரண்டில். அவள் அவரை விட்டு நகரவில்லை. எதற்கு எது என்று கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

“கரண்டு போனா இது தெருவை விட்டுத் தானாப் பிரிஞ்சுக்குமா?”

“பிரிஞ்சுக்கும்மா. உள்ள ரிலே இருக்கு, தானா விலகிக்கற சுவிட்ச் மாதிரி.”

“பிரியாம ஒட்டிக்கிட்டா?”

“ஒண்ணு ஒட்டினாலும் இன்னொண்ணு இருக்கு. ரெண்டையும் சரி பார்த்துட்டுத்தான் பெட்டி ஓடும். எழுதித் தரட்டுமா?”

“எழுத வேணாம். பிரிஞ்சதை நான் கண்ணால பாக்க முடியுமா?”

“அது பெட்டிக்குள்ள நடக்கறதும்மா, எப்படிப் பாக்கறது?”

“அப்ப நான் கையால பிரிக்கற மாதிரி எதுவும் இல்லையா?”

அவர் பெருமூச்சு விட்டபடி வராந்தாவில் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சைக் காட்டினார். சிவப்புக் கைப்பிடி. “இதை இறக்கிட்டா இந்த வீட்டுக்கும் தெருவுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அதுக்குத் தேவையே இல்லம்மா.” கடைசியாகச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. போகும்போது வாசலில் நின்று, “சிலிண்டரை மட்டும் எப்பவும் நிரப்பி வைங்க. பேட்டரியும் ஒரு சாமான்தான்” என்றார். அதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

அன்றிலிருந்து கரண்டு போனால் அவள் கால் முதலில் வராந்தாவுக்குத்தான் போகும். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து டக்கென்று இறக்குவாள். பிறகுதான் அக்காவிடம் வருவாள். மெஷின் ஒரு விக்கல்கூட விக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் போய்க் கைப்பிடியை ஏற்றுவாள். அக்கா மகனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், அதான் தானாப் பிரியுதே என்று பாடம் எடுப்பான். அக்காவுக்குத் தெரியும். “பூட்டின பூட்ட இழுத்துப் பாக்கறதுதானே, பாத்துக்கோ” என்று கேலி செய்ததோடு சரி.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் அக்கா மகன் வேலைக்குப் போன சற்று நேரத்தில் கரண்டு போனது. அவள் போய்க் கைப்பிடியை இறக்கினாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு முந்தின நாளே சளி கட்டியிருந்தது. ஈரக் காற்று படக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்துத் திரையையும் இழுத்துவிட்டிருந்தாள். எதிர்வீட்டைப் பார்க்க வழியில்லை. அக்காவை நிமிர்த்தி உட்கார வைப்பதும், முதுகைத் தடவிக் கொடுப்பதும், வெந்நீர் கொடுப்பதுமாகப் பொழுது போனது. நடுநடுவே சமையலறைக்குப் போகும்போதெல்லாம் விளக்கைத் தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. சரி, இன்னும் வரவில்லை, மழையில் பாவம் எவன் எந்தக் கம்பத்தில் தொங்குகிறானோ என்று நினைத்துக்கொண்டாள். பேட்டரி வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் கரண்டு வந்ததைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி. பழக்கம் விடவில்லை.

வானம் நாள் முழுக்கத் திறக்கவே இல்லை. மாடியிலிருந்து பேட்டரிக்கு ஒன்றும் இறங்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவின் அறை விளக்கு அணைந்தது. மெஷினின் குறட்டை நின்றது. அடுத்த நொடி அது வீறிட்டு அலற ஆரம்பித்தது.

இருட்டில் துழாவிச் சிலிண்டரை இழுத்துத் திறந்தாள். கொஞ்சம் சீறியது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. பேட்டரி வந்த தெம்பில் அதை நிரப்பி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அக்கா மகனுக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. அக்கா இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. எப்போதும் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அக்கா பேசாமல் அவளையே பார்த்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றுதான் போனை எடுத்தாள். விரல்கள் பழைய புகார் மேசையின் எண்ணை அழுத்தின. மறுமுனையில் பழக்கமில்லாத இளம் குரல் ஒன்று கேட்டது. ஒரு வேலைநாளில் எத்தனையோ பேர் தன்னிடம் கேட்டதை, அதே பதற்றத்தோடு அவள் கேட்டாள்.

“கரண்டு எப்பம்மா வரும்?”

அந்தப் பெண் தெருப் பெயரைக் கேட்டாள். சொன்னாள்.

“உங்க தெருவுல கரண்டு இருக்கேம்மா. காலையிலயே வந்துருச்சே. உங்க வீட்ல மெயின் ஏதும் இறங்கியிருக்கா பாருங்க.”

அவள் திரையை விலக்கினாள். மழைக்குள் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எதிர்வீடு, பக்கத்து வீடு, கோடி வீடு, எல்லாவற்றிலும் வெளிச்சம். தெரு முழுக்க இருட்டாக இருந்தது ஒரே ஒரு வீடு. அதை இருட்டாக்கியது அவள் கை.

வராந்தாவுக்கு எப்படிப் போனாள் என்று பிறகு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கைப்பிடியை ஏற்றினாள். சமையலறை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அக்கா அறையில் எரியவில்லை. புதுப் பெட்டி தெருக் கரண்டைச் சோதித்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். அதற்கு அவசரம் கிடையாது. அவள் காத்திருக்கவில்லை. மெஷினைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, நிலைப்படியில் சக்கரம் மோத மோத உருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நீளக் குழாய் பின்னாலேயே தரையில் இழுபட்டு வந்தது. அங்கே செருகினாள். மெஷின் முனகியது, இருமியது, மெல்ல ஓட ஆரம்பித்தது. காற்றுச் சேர்ந்து குழாய்க்கு வர அதற்கும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அவள் திரும்பி ஓடிவந்து அக்காவை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளுக்குச் சொல்வதற்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“வந்துரும்கா. வந்துரும். இதோ வந்துரும்கா.”

அக்காவின் நகங்கள் அவள் முழங்கையில் பதிந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தன. அவளுக்குப் பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. தளர்வது எதனால் என்று தெரியவில்லை. அக்காவின் மூக்கருகே காதை வைத்துக் கேட்டாள். மூச்சு இருந்தது. நீளமாக, சீராக இருந்தது. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கணவர் செத்த அன்றுகூட அவள் அப்படி வாய்விட்டு அழவில்லை.

அக்கா மகன் வந்தான். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் அவளே சொன்னாள். அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முழங்கையில் இருந்த நகக்கீறலைப் பார்த்துவிட்டு, காலிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். அக்காவுக்குப் பேச வருவதற்கு இரண்டு நாள் பிடித்தது.

“எத்தனை பேருக்கு வந்துரும் வந்துரும்னு சொன்ன. எனக்கு மட்டும் வரவிடாமப் பிடிச்சு வச்சுக்கிட்டியேடி” என்றாள். கேலிதான். ஆனால் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அக்காவே அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். “அவரை நெனச்சுத்தான் செஞ்ச. எனக்குத் தெரியாதா? ஆனா அவர் போயிட்டாரு. நான் இன்னும் இருக்கேன்.”

அடுத்த முறை கரண்டு போனபோது மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, தூறல் போட்டது. கால் வழக்கம்போல வராந்தாவுக்குப் போனது. கை கைப்பிடியைப் பிடித்தது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா கட்டிலிலிருந்து கேட்டாள், “இறக்கிட்டியா?”

“இல்லக்கா.”

கையை எடுத்தாள். எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, முனையில் இருந்த கம்பத்தடியில் போய் நின்றாள்.

லைன்மேன் ஒருவன் வந்தான். புதியவன், அவளைத் தெரியாது. ஏணியைச் சாய்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தான். இருட்டுக்குள் ஒரு வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.

“அது என் வீடுதான். பேட்டரி போட்டிருக்கோம். தெருக் கம்பிலேர்ந்து தானாப் பிரிஞ்சுக்கும்னு சொல்றாங்க” என்றாள். “நீ அதை நம்பாத. என்னையும் நம்பாத. சோதிச்சுப் பாரு.”

“பாக்கறேம்மா.”

“எர்த் ராடு எங்கப்பா?”

“வண்டியில இருக்கு. ஒரு வயர் விட்டிருக்கு, அவ்வளவுதான். சின்ன வேலைம்மா.”

“அவரும் அதையேதான் சொன்னாரு.”

“யாரும்மா?”

“எங்க வீட்டுக்காரர். உன்ன மாதிரிதான். லைன்மேன்.”

அவன் ஏணியில் வைத்த காலை எடுத்தான். அவளைப் பார்த்தான். வண்டிக்குப் போய் ராடை எடுத்து வந்தான். மேலே ஏறிச் சோதித்து, “இல்லம்மா, கம்பில ஒண்ணும் இல்ல” என்று அவளுக்குக் கேட்கும்படி சொன்னான். பிறகு கம்பிகளில் ஒவ்வொன்றாக ராடை மாட்டினான். அதன் பிறகே கம்பியில் கை வைத்தான். அவன் விரல்கள் கம்பியைப் பற்றிய அந்த நேரம் அவள் மூச்சு விடவில்லை. அவள் வீட்டு ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. அவன் விரல்களும் வேலை செய்துகொண்டிருந்தன. இரண்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்து, “எப்ப வரும்?” என்று குரல் கொடுத்தார்கள். “வந்துரும்பா. அவசரப்படுத்தாதீங்க” என்று அவளே பதில் சொன்னாள்.

அவன் ராடைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தான். போனில் ஏதோ சொன்னான். சற்றைக்கெல்லாம் தெரு முழுக்க விளக்குகள் எரிந்தன. ஜன்னல்களில் நின்றவர்கள் உள்ளே போனார்கள். அவள் மட்டும் அவன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். தூறல் வலுத்தது.

“வீட்டுக்குப் போங்கம்மா, நனையறீங்க. கரண்டு வந்துருச்சே” என்றான் அவன்.

“கரண்டு கெடக்குதுப்பா” என்றாள் அவள். “நீ எறங்கி வந்துட்டல்ல.”